ஹார்வர்டை வீழ்த்திய சின்னக் கல்லூரி: சென்டர் காலேஜின் 1921 சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கால்பந்து? நாம் பார்க்கும் ஃபுட்பாலா?

இல்லை. இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிரணி மொத்தமும் மேலே விழுந்து அமுக்கும். பெயரில் கால் இருந்தாலும் காலுக்கு வேலை குறைவுதான். எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பினால் இன்னும் ஒரு புள்ளி. மற்ற விதிகள் தேவைப்படும் இடத்தில் வரும்.

சென்டர் காலேஜ் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூரில். 1819-இல் தொடங்கிய, பிரஸ்பிடீரியன் திருச்சபைப் பின்னணி கொண்ட கல்லூரி. 1921-இல் அங்கே படித்தவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. நம் ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு இரண்டையும் சேர்த்தாலே அதைவிடக் கூட்டம் இருக்கும். கலைக் கல்லூரி என்பதால் வழக்கறிஞர்களும் பாதிரியார்களும் அரசியல்வாதிகளும் அங்கிருந்து நிறையவே வந்தார்கள். விளையாட்டுக்காக அந்தப் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

1921 சீசனின் முடிவுகள் என்ன?

கிளெம்சனை 14–0, வர்ஜீனியா பாலிடெக்னிக்கை 14–0, செயின்ட் சேவியரை 28–6 என வென்றார்கள். அடுத்து டிரான்சில்வேனியா கல்லூரி மாட்டியது, 98–0. (டிராகுலாவின் ஊர் இல்லை. பக்கத்து லெக்சிங்டன் நகரில் உள்ள கல்லூரிக்கு அப்படியொரு பெயர்.) அதற்கு அடுத்த சனிக்கிழமை ஹார்வர்டு, 6–0. பிறகு கென்டக்கி பல்கலைக்கழகம் 55–0, ஆபர்ன் 21–0, வாஷிங்டன் அண்ட் லீ 25–0, டுலேன் 21–0.

ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. எடுத்தது 282 புள்ளி, கொடுத்தது 6. அந்த ஆறும் செயின்ட் சேவியர் எடுத்தது. மற்ற எட்டு அணிகளும் வெறுங்கையோடு திரும்பின.

வழக்கமான சீசன் முடிந்ததும் டிசம்பர் 26-ஆம் தேதி சான் டியாகோவில் அரிசோனாவை 38–0 என்று வென்றார்கள். 1922 ஜனவரி 2-இல் டாலஸில் டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியிடம் 22–14 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பின்னால் தனிக் கதையே இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம்.

முந்நூறு பேர் இல்லாத கல்லூரிக்கு இப்படி ஒரு அணி எப்படி அமைந்தது?

இதற்கு விடை தெரியாமல் ஹார்வர்டு வெற்றியை மட்டும் கேட்டால் ஏதோ அதிசயம் நடந்தது போலத் தோன்றும். உண்மையில் அந்த அணி டான்வில்லில் முளைக்கவே இல்லை. அது டெக்சஸில் வளர்ந்த பயிர், கென்டக்கியில் நாற்று நடப்பட்டது, அவ்வளவுதான்.

ராபர்ட் மயர்ஸ் என்று சென்டரின் பழைய மாணவர் ஒருவர். எல்லோரும் அவரை 'சீஃப்' என்று அழைப்பார்கள். டெக்சஸின் ஃபோர்ட் வர்த் நகரில் நார்த் சைடு உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்தார். அவரிடம் ஒரே நேரத்தில் அபாரமான பையன்கள் சிலர் சேர்ந்திருந்தார்கள். அவர்களை மொத்தமாகத் தன் பழைய கல்லூரிக்கு ஆட அனுப்ப வேண்டும் என்பது மயர்ஸின் கனவு. போ மெக்மில்லின், ரெட் வீவர், மாட்டி பெல், சல்லி மான்ட்கோமரி என்று ஒரு கூட்டமே டெக்சஸிலிருந்து கென்டக்கிக்கு வந்து சேர்ந்தது.

வந்த உடனே எல்லோரும் கல்லூரியில் சேர்ந்துவிடவில்லை. சிலருக்குப் பள்ளிப் படிப்பில் பாடங்கள் பாக்கி இருந்தன. அவர்களைக் கென்டக்கியின் சாமர்செட் ஊர்ப் பள்ளியில் ஒரு வருடம் உட்கார வைத்தார்கள். அதிலும் ஒரு லாபம் கிடைத்தது. சாமர்செட்காரரான ரெட் ராபர்ட்ஸ் என்ற மலை போன்ற இளைஞரும் இவர்களோடு சேர்ந்து சென்டருக்கு வந்தார். ஹெல்மெட் போடாமல் நெற்றியில் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆக, பள்ளி நாளிலிருந்து சேர்ந்தே ஆடிப் பழகியவர்கள் இந்த அணியின் நடுத்தண்டாக இருந்தார்கள். யார் எங்கே திரும்புவான் என்று திரும்பிப் பார்க்காமலே மற்றவனுக்குத் தெரியும். பெரிய பல்கலைக்கழகங்களில் ஆள் பலம் உண்டு, இந்தப் பழக்கம் கிடையாது.

போ மெக்மில்லின் யார்?

அணியின் குவார்ட்டர்பேக், அதாவது தாக்குதலை முன்னின்று நடத்துகிறவர். முழுப் பெயர் அல்வின் நியூஜென்ட் மெக்மில்லின், செல்லப் பெயர் 'போ'. தமிழில் படித்தால் யாரையோ விரட்டுவது போல இருக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

அவர் பிறந்தது 1895 ஜனவரியில். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஹார்வர்டுக்கு எதிராக ஆடும்போது 26 வயது. கல்லூரி மாணவருக்கு அது கொஞ்சம் முற்றிய வயதுதான். சென்டருக்கு அவர் ஆடத் தொடங்கியது 1917-இல். முதல் உலகப் போர் காரணமாக 1918 சீசன் ஆட்டக்காரர்களின் தகுதிக் கணக்கில் சேர்க்கப்படவில்லை, அதனால் 1921 வரை ஆட முடிந்தது.

இன்றைய விதிகளைக் கொண்டு பார்த்தால் இந்த அணியில் பாதி விஷயங்கள் கேள்விக்கு உள்ளாகும். ஆனால் அந்தக் காலத்தில் பெரிய பல்கலைக்கழகங்களும் ஒன்றும் துளசி தீர்த்தம் குடித்துக்கொண்டிருக்கவில்லை. சென்டர் செய்ததைக் குறை சொல்வதானால் ஊரையே சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோச் பேஸ்பால் அம்பயர் என்பது உண்மையா?

உண்மை. சார்லி மோரன். 'அங்கிள் சார்லி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கோடையில் நேஷனல் லீகில் பேஸ்பால் அம்பயர், இலையுதிர் காலத்தில் சென்டரில் ஃபுட்பால் கோச். பல வருடம் இப்படியே இரண்டு வேலையும் பார்த்தார். இளமையில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடியவர். பின்னாளில் உலகத் தொடர் எனப்படும் பேஸ்பால் இறுதிப் போட்டிகளில் நான்கு முறை அம்பயராக நின்றிருக்கிறார்.

டெக்சஸ் பையன்கள் வந்து சேர்ந்தபோது சென்டரின் கோச்சாக இருந்தவர் சீஃப் மயர்ஸ்தான். இந்தப் பையன்கள் தன் கைக்கு மீறியவர்கள், இன்னும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று புரிந்துகொண்டு, மோரனிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கினார். தன் கனவு அணியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? இந்தக் கதையில் மெக்மில்லினுக்குக் கிடைத்த புகழில் கொஞ்சம் மயர்ஸுக்கும் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மோரனுக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1909 முதல் 1914 வரை அவர் கோச்சாக இருந்த இடம் டெக்சஸ் ஏ அண்ட் எம். அவருடைய அணி ஆடிய முரட்டு ஆட்டத்தால் வந்த தகராறில், டெக்சஸ் பல்கலைக்கழகம் 1912 முதல் சில வருடங்களுக்கு ஏ அண்ட் எம் கல்லூரியோடு மோதவே மறுத்துவிட்டது. ஏ அண்ட் எம் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'ஜெபிக்கும் கர்னல்கள்' என்று இந்த அணிக்கு ஏன் பெயர் வந்தது?

கர்னல் என்பது கென்டக்கிக்காரர்களுக்கே உரிய அடைமொழி. ராணுவத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மாநிலம் கொடுக்கும் மரியாதைப் பட்டம். ஜெபம் விஷயம் நிஜம். ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அணியினர் சேர்ந்து ஜெபம் செய்வார்கள். 1919-இல் மேற்கு வர்ஜீனியா அணி பிரின்ஸ்டனை 25–0 என்று நசுக்கிவிட்டு வந்து நின்றது. சென்டர் இடைவேளையில் 6–0 என்று பின்தங்கியிருந்து கடைசியில் 14–6 என்று ஜெயித்தது. பத்திரிகைக்காரர்களுக்கு இது போதாதா? ஜெபத்தையும் ஜெயத்தையும் முடிச்சுப் போட்டு எழுதினார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த 1919 சீசனில் ஆடிய ஒன்பதிலும் வெற்றி. அதைவிடப் பெரிய செய்தி, நாட்டின் சிறந்த பதினொருவர் பட்டியலை வருடாவருடம் வெளியிடும் வால்டர் கேம்ப் அதில் மெக்மில்லினையும் வீவரையும் சேர்த்ததுதான். முகவரி தெரியாத கல்லூரியிலிருந்து இரண்டு பேர்! அமெரிக்கக் கால்பந்துக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் கேம்ப். அவர் வார்த்தைக்கு அப்போது மறுப்பே இல்லை.

ஹார்வர்டு எதற்காக இவர்களோடு ஆட ஒத்துக்கொண்டது?

தமிழ் இருக்கை மூலம் நமக்கெல்லாம் அறிமுகமான அதே ஹார்வர்டுதான். அந்தக் காலத்தில் அது ஃபுட்பாலிலும் ராஜா. 1920 ஜனவரி 1-இல் ரோஸ் பௌல் என்ற புகழ்பெற்ற புத்தாண்டு ஆட்டத்தில் ஓரிகனை 7–6 என்று வென்ற அணி. கேம்ப் பட்டியல் வந்த பிறகு, பாஸ்டன் பத்திரிகைகளில் சென்டரைப் பற்றிய பேச்சு பரவியது. யார் இந்தப் பையன்கள் என்று பார்க்கக் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் ஆசை. கூட்டம் வரும், ஆபத்து ஒன்றும் இருக்காது என்று ஹார்வர்டும் தலையசைத்தது.

முதல் சந்திப்பு 1920 அக்டோபர் 23-ஆம் தேதி. இடைவேளையில் 14–14. ஹார்வர்டு ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். இரண்டாம் பாதியில் பெரிய அணியின் ஆள் பலம் வேலையைக் காட்டியது, 31–14 என்று ஹார்வர்டு வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு கேப்டன் அர்னால்டு ஹார்வீன் ஆட்டப் பந்தை மெக்மில்லினுக்குப் பரிசாக நீட்டினாராம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, அடுத்த வருஷம் வந்து ஜெயித்தே எடுத்துப் போகிறோம் என்றாராம். சென்டர்காரர்கள் நூறு வருடமாகச் சொல்லும் கதை இது.

1921 அக்டோபர் 29 அன்று என்ன நடந்தது?

இடம் ஹார்வர்டு ஸ்டேடியம். 1903-இல் கான்கிரீட்டில் கட்டிய, குதிரை லாட வடிவ மைதானம். நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஹார்வர்டு அதற்கு முன் ஆடிய 25 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை. சென்டர் பையன்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து இறங்கியவர்கள்.

முதல் பாதியில் யாருக்கும் புள்ளி இல்லை. பார்க்க வந்தவர்களில் எம்.ஐ.டி. மாணவர்களும் இருந்தார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஒரே ஊர்க் கல்லூரிகள், எனவே அவர்கள் யாருக்குக் குரல் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சென்டருக்காகத் தொண்டை வற்றக் கத்தினார்கள்.

மூன்றாம் கால் பகுதி தொடங்கிச் சிறிது நேரத்தில் பந்து ஹார்வர்டின் 32 யார்டு கோட்டில் (கடைசிக் கோட்டுக்கு 32 யார்டு தூரம்), சென்டர் கையில். மெக்மில்லின் பந்தை வாங்கி வலப்பக்கமாக ஓடத் தொடங்கினார். ஹார்வர்டு தடுப்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சட்டென்று காலை ஊன்றி உள்பக்கமாக வெட்டித் திரும்பி, எதிர்த்திசையில் சாய்வாக ஓடினார். சாய்ந்தவர்கள் நிமிர்வதற்குள் 32 யார்டையும் ஓடி முடித்துவிட்டார். டச்டவுன். கூடுதல் புள்ளிக்கான உதை தவறிப் போனது. 6–0.

அதன் பிறகு மீதி நேரம் முழுவதும் ஒரே வேலைதான், பந்தை வரவிடாமல் தடுப்பது. ஆறு புள்ளி என்பது பயங்கரமான முன்னிலை இல்லை. ஒரே ஒரு டச்டவுனும் ஒரு உதையும் போதும், எல்லாம் தலைகீழாகிவிடும். ஹார்வர்டு தள்ளிப் பார்த்தது, எறிந்து பார்த்தது, புதிய ஆட்களை இறக்கிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த 32 யார்டு ஓட்டத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பின் கிட்டத்தட்ட அரை ஆட்டம் முழுக்க அந்த ஆறு புள்ளியைக் கட்டிக் காத்த முன்வரிசை ஆட்கள்தான் அன்றைக்கு ஜெயித்தவர்கள். அவர்களுடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

பந்து, சொன்னபடியே கென்டக்கிக்குப் போனது.

அந்த ஆண்டு ஹார்வர்டு அவ்வளவு பலமாகத்தான் இருந்ததா?

நேர்மையாகச் சொன்னால், 25 ஆட்டம் தோற்காத அணி என்பது அன்று காலை வரை உண்மை. ஆனால் அந்தத் தேர் அப்போதே கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. ஒரு வாரம் முன்புதான் பென் ஸ்டேட் அணியோடு 21–21 என்று சமனாக முடித்திருந்தார்கள். சென்டரிடம் தோற்ற அடுத்த வாரமே பிரின்ஸ்டனிடமும் 10–3 என்று தோற்றார்கள். நவம்பரில் யேலை 10–3 என்று வென்று மானத்தைக் காத்துக்கொண்டார்கள்.

ஆகவே, கோலியாத்தை தாவீது கல்லால் அடித்தார் என்ற கணக்கில் வரும் கட்டுரைகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்கலாம். இந்தத் தாவீதுக்கு 26 வயது, ஐந்து வருடக் களப் பயிற்சி, மேலே ஒரு கைதேர்ந்த கோச். கோலியாத்துக்கும் அந்த வாரம் கொஞ்சம் காய்ச்சல். இருந்தாலும் ஹார்வர்டு மைதானத்துக்கே போய், ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் ஜெயித்தது சாதாரணக் காரியம் இல்லை. அதைக் குறைத்து மதிப்பிடவும் மாட்டேன்.

அந்தக் கால ஆட்டம் இன்றைய ஆட்டத்திலிருந்து எப்படி வேறுபட்டது?

இன்று தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு இன்னொரு பதினொருவர், உதைப்பதற்குத் தனி ஆள். அன்று பதினொரு பேர்தான் எல்லாமே. தாக்கிக் களைத்தவர்களே திரும்பி நின்று தடுக்க வேண்டும். வெளியே போனவர் நினைத்த மாத்திரத்தில் உள்ளே வர முடியாது. சின்னக் கல்லூரிகளுக்கு இந்த விதி ஒரு வரம். பதினைந்து பதினாறு நல்ல ஆட்கள் இருந்தால் எவரோடும் மோதலாம். ஐம்பது பேரை வைத்திருப்பதால் பெரிய லாபம் கிடையாது. சென்டர் மாதிரிக் கதைகள் பிற்காலத்தில் அரிதாகிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹெல்மெட் என்பது மெல்லிய தோல் குல்லா, அதையும் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பந்து இன்றைக்குள்ளதைவிடப் பருமன், அதனால் எறிவது கடினம்.

எறிவது என்றதும் ஹார்வர்டு ஸ்டேடியத்தைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1905-இல் இந்த ஆட்டத்தில் உயிரிழப்புகள் அதிகமாகி, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசும் அளவுக்குப் போனது. ஆட்டத்தில் நெரிசலைக் குறைக்க மைதானத்தை அகலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் ஹார்வர்டு ஸ்டேடியம் கான்கிரீட். இரண்டு வருடம் முன்புதான் கட்டினார்கள், இடிக்கவா முடியும்? அந்த யோசனை கைவிடப்பட்டு, பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி 1906-இல் வந்தது. இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் அழகே அந்த எறிதான். அதில் ஒரு பங்கு சிமென்ட்டுக்கும் உண்டு.

சி6எச்0 என்றால் என்ன?

வேதியியல் சூத்திரம் மாதிரி எழுதிய ஸ்கோர். சென்டர் 6, ஹார்வர்டு 0. சி என்றால் கார்பன், எச் என்றால் ஹைட்ரஜன் என்று படித்தால் உருப்படியான பொருள் எதுவும் வராது. "அப்படி ஒன்று இருக்கவே முடியாது" என்பதுதான் நகைச்சுவை. வெற்றிச் செய்தி வந்ததும் டான்வில்லில் சுவர், கடை, பாதை என்று கண்ட இடத்திலெல்லாம் வெள்ளைப் பெயின்டில் இதை எழுதித் தள்ளினார்கள். வழியில் நின்ற மாட்டைக்கூட விடவில்லை என்பார்கள்.

அப்போது கென்டக்கி ஆளுநராக இருந்தவர் எட்வின் மாரோ, ரெட் ராபர்ட்ஸின் சாமர்செட் ஊர்க்காரர். ஆளுநராக இருப்பதைவிட இந்த நேரத்தில் போ மெக்மில்லினாக இருப்பதே மேல் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தேர்தலில் ஜெயித்த அரசியல்வாதி இப்படிச் சொன்னால் அதில் பாதியை நம்பலாம்.

அணியில் கறுப்பினத்தவர் யாராவது இருந்தார்களா?

இல்லை, இருந்திருக்கவும் முடியாது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே கல்வி நிலையத்தில் படிக்கக் கூடாது என்று கென்டக்கி 1904-இல் 'டே சட்டம்' கொண்டுவந்தது. அதுவரை இரு தரப்பையும் சேர்த்துப் படிக்க வைத்த பெரியா கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போய் 1908-இல் தோற்றது. அந்தச் சட்டம் 1921-இலும் நடப்பில் இருந்தது. சின்னவர்கள் பெரியவர்களை வென்ற கதையாக இதைக் கொண்டாடும்போது, யாருக்கு அந்தக் கதவே திறக்கவில்லை என்பதும் கதையில் சேர்த்திதான்.

இவ்வளவு ஜெயித்த சென்டர் ரோஸ் பௌலில் ஆடியதா?

இல்லை. 1922 ரோஸ் பௌலில் கலிபோர்னியாவுக்கு எதிராக இன்னொரு சின்னக் கல்லூரி ஆடியது. பென்சில்வேனியாவின் வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன். ஆட்டம் முழுவதும் மாற்றாள் இல்லாமல் பதினொரே பேரை வைத்து ஆடி, கலிபோர்னியாவை 0–0 என்று நிறுத்தினார்கள். அவர்களின் குவார்ட்டர்பேக் சார்லஸ் வெஸ்ட், ரோஸ் பௌலில் அந்த இடத்தில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். முந்தைய கேள்வியோடு சேர்த்துப் பாருங்கள், ஒரே வருடத்துச் சின்னக் கல்லூரிகள் இரண்டு, இரண்டு வேறு உலகங்கள்.

சென்டர் சான் டியாகோவுக்குப் போய் அரிசோனாவோடு ஆடிவிட்டு, அங்கிருந்து டெக்சஸ் ரயில் ஏறியது.

டாலஸில் ஏன் தோற்றார்கள்?

1922 ஜனவரி 2, டிக்ஸி கிளாசிக் போட்டி. எதிரே டெக்சஸ் ஏ அண்ட் எம். ஆம், மோரனை ஆறு வருடம் கோச்சாக வைத்திருந்த அதே கல்லூரி. சென்டர்தான் ஜெயிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மெக்மில்லினுக்கு ஃபோர்ட் வர்த் சொந்த ஊர் மாதிரி, டாலஸிலிருந்து கூப்பிடு தூரம். அவர் அன்று காலையில்தான் தன் பள்ளிக் காலத்துக் காதலியைத் திருமணம் செய்துகொண்டார். காலையில் முகூர்த்தம், மதியம் ஆட்டம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைக்க விட்டிருக்க மாட்டார்கள்.

டிசம்பர் கடைசியில் சான் டியாகோவில் ஆட்டம், பிறகு நீண்ட ரயில் பயணம், கல்யாணக் கலாட்டா. எல்லாம் சேர்ந்துதானோ என்னவோ, சென்டர் 22–14 என்று தோற்றது. களைப்பு ஒரு காரணம் என்றாலும் முழுப் பழியையும் அதன் மேல் போடுவது நியாயம் இல்லை. ஏ அண்ட் எம் நன்றாக ஆடியது. அதன் கோச் டானா பைபிள் பின்னாளில் டெக்சஸ் மண்ணிலேயே பெரும் பெயர் எடுத்தவர். ஜெபிக்கும் கர்னல்களை வென்றவருக்கு அப்படி ஒரு பெயர் அமைந்ததைப் பத்திரிகைக்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்களோ.

ஜெயித்தாலும் ஏ அண்ட் எம் ஆட்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழுந்துகொண்டே இருந்தார்கள். மாற்றாள் தீர்ந்துவிடும் போல இருந்தது. கோச்சுக்குத் திடீரென்று ஓர் ஞாபகம். கிங் கில் என்ற மாணவன் முன்பு அணியோடு பயிற்சி செய்தவன், பிறகு கூடைப்பந்துக்குப் போய்விட்டான். அன்று மேலே பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, களத்தில் யார் யார் என்று எழுதுகிறவர்களுக்கு அடையாளம் காட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கீழே கூப்பிட்டார். பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் போய், அடிபட்ட ஒருவனின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு வந்து கோட்டோரமாக நின்றான் கில். கடைசி வரை நின்றான். இறங்க வேண்டிய தேவை வரவே இல்லை.

ஒரு நிமிடம்கூட ஆடாத அந்த மாணவனின் பெயரால் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற மரபு பிறந்தது. ஏ அண்ட் எம் மாணவர்கள் இன்றும் தங்கள் மைதானத்தில் ஆட்டம் முடியும் வரை உட்காருவதில்லை. தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்று காட்டுவதற்காக நிற்கிறார்கள். அந்தச் சொல்லை அந்தப் பல்கலைக்கழகம் வணிகச் சின்னமாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்திய சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி மேல் 2006-இல் வழக்குப் போட்டு, பிறகு சமரசம் ஆனது.

எனக்கு இந்த சீசனில் மிகவும் பிடித்த ஆட்டம் இதுதான். ஹார்வர்டு வெற்றி இன்று விளையாட்டு வரலாற்று ரசிகர்களுக்கு மட்டும் தெரியும். சென்டர் தோற்ற ஆட்டத்தின் பெயரால் ஒவ்வோர் இலையுதிர் காலமும் லட்சம் பேர் கூடும் மைதானத்தில் மாணவர்கள் எழுந்து நிற்கிறார்கள், எதிரே தோற்றது யார் என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அதன் பிறகு சென்டர் அணி என்ன ஆனது?

1922-இல் மறுபடி ஹார்வர்டுக்குப் போய் 24–10 என்று தோற்றார்கள். மோரன் 1923 சீசனோடு விடைபெற்று பக்னெல் கல்லூரிக்குப் போனார். கோச் வேலை மறுபடி சீஃப் மயர்ஸிடமே வந்தது. 1924-இல் அவர் அலபாமாவையே 17–0 என்று வென்று காட்டினார். அந்த மனிதரைப் பற்றி நான் மேலே சொன்னதை இப்போது ஒத்துக்கொள்வீர்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பெரிய அணிகளோடு மோதுவது நின்றது.

மாட்டி பெல் பின்னாளில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் கோச்சாகி, 1935 சீசனில் அணியை ரோஸ் பௌல் வரை கொண்டுபோனார். மெக்மில்லினும் கோச் ஆனார். இந்தியானா பல்கலைக்கழகத்தை 1945-இல் ஒரு தோல்வியும் இல்லாமல் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் சாம்பியன் ஆக்கினார். பிறகு டெட்ராய்ட் லயன்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸ் என்று தொழில்முறை அணிகளுக்கும் போய், 1952-இல் காலமானார். சென்டரை விட்டுப் போகும்போது அவர் கையில் பட்டம் இல்லை. பாக்கி வைத்த பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கியது 1937-இல்.

இப்போது டான்வில் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு கட்டிடச் சுவரில் சி6எச்0 இன்னும் இருக்கிறது. கல்லூரி அணி இன்று மூன்றாம் நிலைப் பிரிவில், விளையாட்டு உதவித்தொகை எதுவும் இல்லாமல் ஆடுகிறது. அமெரிக்கத் தலைமை நீதிபதியாக இருந்த ஃபிரெட் வின்சன் சென்டரில் படித்தவர், ஆட்டம் பார்ப்பதில் பைத்தியம். 1953-இல் அவர் இறந்த பிறகும் ஆட்டத்தைத் தவறவிடக் கூடாதென்று, அவர் இருந்த மாணவர் சங்கத்தார் அவருடைய ஓவியத்தை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 'செத்த ஃபிரெட்' என்று அதற்குப் பெயர். ஆட்ட நாளில் போனால் பார்வையாளர் வரிசையில் தேடுங்கள், சட்டத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.